எடிசனின் இரும்பு செல்: மூன்று டப்பா, பதினான்கு சுற்று

நான்கு டப்பாக்களுக்கும் சேர்த்து அறுபது டாலர் கேட்டார்கள். பேரம் பேசி நாற்பதுக்கு முடித்தேன். நியூ ஜெர்சியின் வட மூலையில் ஒரு பழைய பண்ணை வீட்டின் சாமான்களை வாரிசுகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். மரப்பெட்டி ஒன்றுக்குள் நான்கு எஃகு டப்பாக்கள், ஒவ்வொன்றும் மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய ஒரு பேட்டரி செல். பக்கங்கள் நெளிநெளியாக, தலையில் வெள்ளை உப்புப் பூத்து. விரலால் தேய்த்தபோது மூடியில் எடிசனின் பெயரும் பி-4 என்ற எழுத்தும் தெரிந்தன.

வீட்டில் அப்போது மாமனார் இருந்தார். அக்டோபரில் ஊரிலிருந்து வந்தவர், மார்ச் வரை இருப்பதாகத் திட்டம். தொலைபேசி இணைப்பகத்தின் பேட்டரி அறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். பெட்டியைக் காரிலிருந்து இறக்கியதும் மூக்கை நீட்டி முகர்ந்தார்.

"மாப்பிள்ளை, ஆசிட் வாடை இல்லையே? சோப்புத் தண்ணீர் மாதிரி வழவழப்பாக இருக்கிறது."

கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். அந்த வழவழப்பு அவருடைய தோல் கரைவதுதான். இந்த செல்லுக்குள் அமிலம் கிடையாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம்தான் இருக்கிறது. கண்ணில் பட்டால் அமிலத்தைவிட மோசம். அன்றிலிருந்து கராஜுக்குள் நுழைகிறவர்கள் எல்லோருக்கும் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம் என்று சட்டம் போட்டேன். மாமனார் அதை முழு மனதோடு ஏற்கவில்லை.

இங்கே எடிசன் என்றே ஓர் ஊர் இருக்கிறது. தமிழர்கள் நிறைந்த ஊர், இட்லி மாவும் முருங்கைக்காயும் அங்கே கிடைக்கும். அந்த ஊருக்குள் இருக்கும் மென்லோ பார்க்கில்தான் 1876இல் எடிசன் தன் புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தை அமைத்தார். வருகிற விருந்தாளிகளை அழைத்துப்போய், உச்சியில் பெரிய பல்பு வைத்த நினைவுக் கோபுரத்தைக் காட்டுவோம். ஆனால் சேமிப்பு பேட்டரி வேலை நடந்த இடம் அதுவன்று. வெஸ்ட் ஆரஞ்சில் 1887இல் திறந்த, இன்னும் பெரிய ஆய்வுக்கூடத்தில் நடந்தது. இன்று அது தேசிய வரலாற்றுப் பூங்கா. பெட்டி கைக்கு வந்த வாரமே மாமனாரோடு அங்கே போய்வந்தேன். வேதியியல் கூடத்தில் வரிசை வரிசையாக நிற்கும் புட்டிகளைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "இத்தனையையும் யார் கழுவினார்கள்?"

எடிசன் இந்த வேலையில் இறங்கியது 1899 வாக்கில், ஐம்பத்திரண்டு வயதில். அப்போது மோட்டார் வண்டிகளில் ஒரு பகுதி மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் ஈயமும் கந்தக அமிலமும்தான். கனம்; அமிலம் தன்னைத் தாங்கும் தகடுகளையே அரிக்கும்; கொஞ்சம் கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும். காரத்தில் இயங்கும் செல் வேண்டும் என்பது எடிசனின் பிடிவாதம். முதலில் செம்பும் காட்மியமும் வைத்துப் பார்த்தார். பிறகுதான் நிக்கலுக்கும் இரும்புக்கும் வந்து சேர்ந்தார். இதே வழியில் சுவீடனில் வால்டெமர் யூங்னர் முன்பே நடந்துகொண்டிருந்தார் என்பதையும், காப்புரிமைக்காக இருவரும் மோதிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதல் நாள் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒன்றாம் செல் 0.02 வோல்ட், இரண்டாவது 0.11, மூன்றாவது பூஜ்யம், நான்காவதும் பூஜ்யம். நான்காவதன் அடித்தையலில் ஊசித்துளை. உள்ளே திரவமே இல்லை. அதைத் திறந்து பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது. திறக்கவில்லை. எதிர்த்தகட்டின் இரும்புத்தூளோடு சிறிதளவு பாதரச ஆக்சைடையும் கலப்பது எடிசன் செல்லின் வழக்கம். கராஜில் பாதரசத்தைக் கொட்டிக்கொள்ள எனக்கு ஆசையில்லை. அதை அப்படியே மூடி, அபாயக் கழிவு வாங்கும் நாளுக்காக ஒதுக்கி வைத்தேன்.

மற்ற மூன்றிலும் சாக்கட்டியால் எண் எழுதினோம். திரவத்தை மாற்ற வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு: பழைய திரவத்தைக் கொட்டிவிட்டுப் புதியதைக் கரைக்க உட்காரக் கூடாது. இரும்புத் தகட்டில் காற்றுப் பட்டால் அது சூடேறித் துருப்பிடிக்கத் தொடங்கும். ஆகவே முதலில் புதுத் திரவம் தயாராக வேண்டும்.

எடிசன் செல்லுக்கான திரவம் நீரில் சுமார் 21 சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கூடவே கொஞ்சம் லித்தியம் ஹைட்ராக்சைடு. கடையில் கிடைத்த செதில்களின் தூய்மை 90 சதவீதம்தான். ஐந்து கிலோ திரவத்துக்கு 1.17 கிலோ செதில், 3.83 கிலோ காய்ச்சி வடித்த நீர். நீரில் செதிலைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் முகத்துக்கே தெறிக்கும். கரையும்போது வரும் சூட்டில் பிளாஸ்டிக் வாளி தொட முடியாத அளவு கொதித்தது. லித்தியத்தை லிட்டருக்கு 15 கிராமோடு நிறுத்திக்கொண்டேன். இன்னும் தாராளமாகப் போட்டிருக்கலாம். விலை கையைப் பிடித்தது. இந்த லித்தியம் ஏன் உதவுகிறது என்று தெளிவாகத் தெரிவதற்கு முன்பே, சேர்த்தால் கொள்ளளவு கூடுகிறது, அதிக நாள் தாங்குகிறது என்று ஆய்வுக்கூடத்தின் சோதனைக் கணக்கு சொல்லிவிட்டது.

ஆறவைத்து, ஊற்றினோம். தகடுகளுக்கு மேல் அரை அங்குலம். பழைய திரவம் கலங்கிய பழுப்பில் வந்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவை எத்தனையோ ஆண்டுகளாகக் குடித்துக் கார்பனேட்டாக மாறிப்போன காரம் அது. மூடியில் வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத ஒரு சிறு வால்வு இருக்கும். மூன்று செல்லிலும் அது ஒட்டிப்போயிருந்தது. வெந்நீரில் ஊறவைத்ததும் விட்டது.

இந்த இடத்தில்தான் ஹைட்ரோமீட்டர் சம்பவம். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி அது. முப்பது வருடப் பழக்கம் மனிதரை விடுமா? ஈய பேட்டரியில் அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்தால் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நான் வாளியைக் கழுவப் போன இரண்டு நிமிடத்தில், என் கார் பேட்டரிக்கென்று வைத்திருந்த ஹைட்ரோமீட்டரை எடுத்து மூன்றாம் செல்லுக்குள் விட்டு உறிஞ்சிப் பார்த்துவிட்டார்.

"1.2 காட்டுகிறது. பாதி சார்ஜ் இருக்கிறதே!"

"மாமா, அது ஆசிட்டில் போட்டது!"

எடிசன் செல்லில் அந்தக் கணக்கு செல்லாது. சார்ஜ் ஏறினாலும் இறங்கினாலும் திரவத்தின் அடர்த்தி ஏறக்குறைய அப்படியே இருக்கும். காரம் இங்கே வழி விடுகிறதே தவிர வினையில் செலவாவதில்லை. புதுத் திரவத்தின் இயல்பான அடர்த்திதான் அந்த 1.2. அதைவிட முக்கியம், அமிலத்தில் பட்ட எந்தச் சாமானையும் இந்த செல்லின் பக்கம் கொண்டுவரவே கூடாது. மூன்றாம் செல்லின் திரவத்தை மறுபடி கொட்டி மாற்றினேன். மாமனார் ஒரு மணி நேரம் பேசவில்லை. நானும் குரலை உயர்த்தியிருக்க வேண்டாம்.

முதல் சார்ஜ். மூன்றையும் தொடராக இணைத்து 15 ஆம்பியரில் 15 மணி நேரம். டப்பாக்கள் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் மரத்துண்டுகளைச் செருகினேன். உள்ளே திரவத்தோடு உரசி நிற்பதால் டப்பாவின் உடம்பிலும் மின்னழுத்தம் இருக்கும். சில மணி நேரத்தில் மூன்றும் கொதிக்கும் சாம்பார் மாதிரி சலசலக்கத் தொடங்கின. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏற்றும் மின்சாரம் முழுவதும் நீரைப் பிரிப்பதற்கே போனால், மூன்று செல்லிலிருந்தும் மணிக்கு 20 லிட்டர் ஹைட்ரஜன் வரும். கராஜ் கதவைத் திறந்து போட்டு, மேசை விசிறியை வெளியே பார்த்துத் திருப்பி வைத்தேன். 1916 ஜனவரியில் புரூக்ளின் கடற்படைத் தளத்தில் எடிசன் பேட்டரி பொருத்திய ஈ-2 நீர்மூழ்கிக் கப்பல் வெடித்து உயிர்கள் போனது இந்த ஹைட்ரஜனால்தான். அண்டை வீட்டார் எட்டிப் பார்த்து என்ன செய்கிறேன் என்று கேட்டதற்கு "பேட்டரி சார்ஜ்" என்று மட்டும் சொன்னேன்.

டிஸ்சார்ஜுக்கு மின்னணுச் சுமைக்கருவி வாங்கலாம் என்றிருந்தேன். மாமனார் தடுத்துவிட்டார். அவர் யோசனைப்படி ஒரு வாளித் தண்ணீருக்குள் மூன்றரை மீட்டர் கட்டுக்கம்பியைச் சுருட்டிப் போட்டோம். கிளிப்பை முன்னும் பின்னும் நகர்த்தினால் மின்தடை மாறும். 15 ஆம்பியரை நிலையாக வைத்திருக்க ஒருவர் அதன் பக்கத்திலேயே உட்கார வேண்டும். அவர் உட்கார்ந்தார். நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் கோடு போட்டு, கால் மணிக்கு ஒரு தடவை மூன்று செல்லின் வோல்ட்டையும் எழுதினார். ஒரு செல் 1.0 வோல்டுக்கு இறங்கியதும் அதை வரிசையிலிருந்து கழற்றிவிடுவது. இல்லாவிட்டால் மற்ற இரண்டும் சேர்ந்து அதைத் தலைகீழாக ஓட்டிவிடும்.

புது பி-4 செல் 15 ஆம்பியரை ஐந்து மணி நேரம் கொடுக்க வேண்டும், அதாவது 75 ஆம்பியர்-மணி. எங்கள் முதல் சுற்று: ஒன்றாவது 17.5, இரண்டாவது 35, மூன்றாவது 6.

மூன்றாவதற்கு 25 நிமிடத்திலேயே மூச்சு நின்றுவிட்டது. மாமனார் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த சில வாரங்கள் சனி, ஞாயிறு இரண்டும் இதற்கே போயின. ஏழு மணி நேரம் ஏற்று, இறக்கு, எழுது. ஒன்றாவது 26, 33, 38 என்று படியேறியது. இரண்டாவது 44, 49, 52. மூன்றாவது 7, 7, 6. நீண்ட காலம் தூங்கிய இரும்புத் தகடு விழிக்கச் சுற்றுகள் பிடிக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் மூன்றாவது விழிக்க மறுப்பது பழைய நோயா, ஹைட்ரோமீட்டர் செய்த வேலையா?

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது என்று உறைத்தபோதுதான் வெஸ்ட் ஆரஞ்சில் என்ன நடந்தது என்பது எனக்கு உண்மையிலேயே புரிந்தது. எடிசனின் கூட்டாளி வால்டர் மாலரி ஒரு தடவை அங்கே போனபோது, நீண்ட மேசை ஒன்றில் நூற்றுக்கணக்கான குட்டிச் சோதனை செல்கள் அடுக்கியிருக்க, எடிசன் நடுவே உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தாராம். அதற்குள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் முடிந்திருந்தன. இவ்வளவு செய்தும் பலன் இல்லையே என்று மாலரி அனுதாபப்பட, பலன் இல்லாமலென்ன, வேலைக்கு ஆகாதவை எவையென்று சில ஆயிரம் தெரிந்துகொண்டேனே என்று எடிசன் சிரித்தாராம். 1910இல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கும் செய்தி இது. நம் பள்ளிகளில் இதைப் பல்புக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அது பேட்டரிக் கதை.

விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டு என்று அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். என் கண்ணில் பட்டது அந்த மேசைதான். நூறு செல் இருந்தால் தொண்ணூற்றொன்பதை ஒரே மாதிரி வைத்து ஒன்றில் மட்டும் ஒரே ஒரு பொருளை மாற்றலாம். என்னிடம் இருந்ததோ மூன்று கிழவர்கள். மூவருக்கும் வேறு வேறு வரலாறு, அதில் ஒருவருக்கு என் வீட்டில் வைத்தே விபத்து. இதிலிருந்து வரும் எந்த எண்ணை வைத்தும் காரணம் பேச முடியாது.

அந்த மேசையே பிடித்துத் தராத குறை ஒன்றும் இருந்தது. நேர்த்தகட்டின் நிக்கல் ஹைட்ராக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதற்காக முதல் வகையான ஈ செல்லில் கிராஃபைட் செதில் கலந்தார்கள். 1902இல் வண்டிகளில் பொருத்தி நாட்டுப்புறச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தார்கள், 1903இல் விற்பனைக்கு விட்டார்கள். கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு டப்பாத் தையல்கள் கசிந்தன. அதைவிடக் கெடுதலாக, செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வலுவிழந்தன. சார்ஜ் ஏறி இறங்க இறங்க கிராஃபைட் உப்பி, தொடர்பு விட்டுப்போனது. 1904இன் கடைசியில் எடிசன் உற்பத்தியையே நிறுத்தினார். ஏ வகையைக் கொண்டுவர 1909 ஆயிற்று.

அந்த ஐந்து வருடத்தின் விளைச்சல்தான் என் டப்பாக்களுக்குள் இருப்பது. பி வகை, ஏ வகையின் குட்டைத் தம்பி. நேர்த்தகடு என்பது உண்மையில் தகடே இல்லை. துளையிட்ட எஃகுக் குழாய்களின் வரிசை. ஒவ்வொரு குழாயும் பென்சில் பருமன். அதற்குள் நிக்கல் ஹைட்ராக்சைடு ஓர் அடுக்கு, உலோக நிக்கல் செதில் ஓர் அடுக்கு என்று நூற்றுக்கணக்கான அடுக்குகளை இடித்து இறுக்கியிருப்பார்கள். சார்ஜில் உப்பி வெடிக்காமலிருக்க, பீப்பாய்க்குப் பட்டை போடுவதுபோல் குழாயைச் சுற்றி எஃகு வளையங்கள். அந்தச் செதிலைச் செய்த விதத்தை மாமனாருக்கு விளக்கியபோது அவர் நோட்டை மூடிவிட்டுக் கேட்டார். உலோக உருளையின் மேல் செம்பு முலாம், அதன்மேல் நிக்கல் முலாம், மறுபடி செம்பு, மறுபடி நிக்கல், இப்படி நூற்றுக்கும் மேலான படலங்கள். உரித்தெடுத்துச் சின்னச் சதுரங்களாக வெட்டி, செம்பை மட்டும் கரைத்துவிட்டால் மிஞ்சுவது நிக்கல் செதில். கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. கைபட்டால் காற்றில் பறக்கும்.

"வெற்றிலையில் சுற்றும் வெள்ளித்தாள் மாதிரி" என்றார் அவர். இதைவிட நல்ல உவமை எனக்குத் தோன்றவில்லை.

டப்பாக்களை அரை அங்குலம் தூக்கித் தூக்கிப் போடும் எந்திரத்தில் லட்சக்கணக்கான தடவை குலுக்கியதும், பேட்டரியை வண்டியில் ஏற்றிச் சுவரில் மோதவிட்டதும் எல்லோருக்கும் பிடித்த கதைகள். விளம்பரத்துக்கும் அவை உதவின. எனக்கென்னவோ அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. டப்பா கெட்டி என்பது முதல் ஆயிரம் குலுக்கலிலேயே தெரிந்திருக்கும். கிராஃபைட்டின் துரோகத்தைக் காட்டியது சுவர் இல்லை, வோல்ட்டை எழுதிவைத்த ஏதோ ஓர் உதவியாளரின் நோட்டாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாம் செல்லுக்குத் திரும்புகிறேன். நான்கு சுற்றுக்குப் பிறகும் அசையாததால் பழைய பராமரிப்பு வழியைப் பிடித்தேன்: முழுவதும் இறக்கி, இரண்டு முனைகளையும் தடித்த கம்பியால் நேரடியாக இணைத்து, ஓர் இரவு அப்படியே விட்டுவிடுவது. ஈய பேட்டரியில் இதைச் செய்தால் கொலை. மாமனாருக்குக் கையே நடுங்கியது. கம்பியை நான்தான் மாட்டினேன். ஒரு பொறிகூட வரவில்லை. பொறி வர அதற்குள் ஒன்றும் மிச்சமில்லை. மறுநாள் 15 ஆம்பியரில் 15 மணி நேரம் ஏற்றினோம்.

ஐந்தாவது சுற்றில் மூன்றாவது செல் 15 கொடுத்தது. அதற்கடுத்து 21, 24, 27.

"நான் கொல்லவில்லை" என்றார் மாமனார். நோட்டில் அந்த 15ஐச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

பன்னிரண்டாம் சுற்றில் ஒன்றாவது 46, இரண்டாவது 55, மூன்றாவது 31. ஏற்றுவது ஒவ்வொன்றிலும் 105 ஆம்பியர்-மணி. மிகச் சிறந்ததே பாதிக்குச் சற்று மேல்தான் திருப்பித் தருகிறது. புதிதாக இருந்தபோதுகூட எழுபது சதவீதம்தான் எதிர்பார்க்க முடியும். மீதி குமிழியாகவும் சூடாகவும் போகிறது.

பிறகு இரண்டு தனிச் சோதனைகள். சார்ஜ் செய்த இரண்டாம் செல்லை 14 நாள் சும்மா வைத்திருந்தோம்: 55 என்பது 43 ஆனது. ஜனவரியில் கராஜ் 3 டிகிரிக்கு இறங்கிய நாளில் அதையே இறக்கிப் பார்த்ததில் 32. இரும்பு குளிருக்குப் பயந்தது. அன்று வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் இரண்டு ஸ்வெட்டரும் குரங்குத் தொப்பியும் போட்டிருந்தார்.

"இதை வைத்துக் காரை ஸ்டார்ட் செய்யலாமா?" என்று கேட்டார். முடியாது. உள்மின்தடை அதிகம்; ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்டால் வோல்ட் படுத்துவிடும். மின்சாரக் காருக்கென்று எடிசன் பத்து வருடம் உழைத்து முடித்தபோது பெட்ரோல் கார் ஜெயித்துக்கொண்டிருந்தது. 1912இல் அதற்கு ஸ்டார்ட்டர் மோட்டார் வந்தது. அந்த வேலைக்கு எடிசன் வெறுத்த ஈய பேட்டரிதான் ஒத்துவந்தது. இவருடைய செல் ரயில்வே சிக்னல்களுக்கும் சுரங்கத் தொழிலாளர் விளக்குகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் போய்ப் பிழைத்துக்கொண்டது. 1970களின் நடுப்பகுதி வரை செய்துகொண்டிருந்தார்கள்.

பதினான்காவது சுற்றோடு நிறுத்தினேன். இப்போது ஒன்றும் இரண்டும் சேர்ந்து கராஜில் ஒரு சிறிய எல்இடி விளக்கை எரிக்கின்றன. நடுவில் வோல்ட் உயர்த்தும் சின்னப் பலகை ஒன்று. மாதம் ஒரு தடவை காய்ச்சி வடித்த நீர் ஊற்றுகிறேன். மூன்றாவது தனியாக மேசையில் இருக்கிறது. அதை மட்டும் இன்னும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். நோட்டில் மாமனாரின் கையெழுத்து பதினான்காம் சுற்றில் முடிகிறது, என்னுடையது அதற்குக் கீழே தொடங்குகிறது.

அவர் மார்ச்சில் ஊருக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்பில் பேத்தியிடம் பேசி முடித்ததும் என்னைக் கேட்கிறார். போன வாரமும் கேட்டார்.

"மூன்றாம் நம்பர் எவ்வளவு, மாப்பிள்ளை?"

"முப்பத்து மூன்று, மாமா."

"திரவம் குறைந்திருக்கிறதா பாருங்கள். நான் ஒன்றும் விட்டுப் பார்க்கவில்லை."